ஐந்தில் ஒன்று

கூட்டுறவுக் கடை தந்த கலண்டரின் பின்புறத்தில்
ஒரு கோடு கிழித்தேன்.
அந்தப் பக்கம்: வந்தது.
இந்தப் பக்கம்: வரவில்லை.
கார்த்திகை முதலாம் திகதி தொடங்கின கணக்கு.

முத்தையன்கட்டு வாய்க்காலின் வால்பக்கம் எங்கள் வயல்.
தண்ணீர் கடைசியாய் வரும்,
யானை முதலாவதாய் வரும்.

தொண்ணூறு இரவு பார்த்தேன்.
பதினெட்டில் வந்தது.
ஓ.எல். படிக்கையில் சார்மீடிறன் என்றொரு சொல் இருந்தது,
இப்போதுதான் அதற்குத் துதிக்கை முளைத்தது.
ஐந்தில் ஒன்று.

"அப்ப நாலு நாள் படுப்பம், ஐஞ்சாம் நாள் முழிப்பம்"
என்றார் யோகச்சந்திரன்.
யானைக்கு ஆர் முறை வைத்துக் கொடுத்தது?
மார்கழியில் தொடர்ந்து நாலு இரவு வந்தது,
பிறகு பதினொரு நாள் காலடியே இல்லை.
முழுப் போகத்தையும் ஒரே சுளகில் கொட்டிப் புடைத்தால்
மிஞ்சுவதுதான் ஐந்தில் ஒன்று.
இன்றிரவு வருமா என்று கேட்டால்
அது கையை விரிக்கும்.

பிறகு நிலவைக் கேட்டேன்.
வெளிச்ச இரவு முப்பது: வந்தது இரண்டு.
இருட்டு அறுபது: வந்தது பதினாறு.
பதினைந்தில் ஒன்று, பதினைந்தில் நாலு.
பயத்தில் பெரும்பங்கை
இருட்டுப் பக்கம் தள்ளி வைத்தோம்.
நிலவு காலித்தால் இருவருக்கும் நித்திரை.
கலியாணத்துக்குப் பிறகு
நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் லீவு அது.

வெடிக்கும் ஒரு கணக்கு இருந்தது.
வனசீவராசிக் கந்தோர் தந்த நாற்பது யானை வெடியில்
எட்டு நமுத்துப் புகைந்தது.
அதுவும் ஐந்தில் ஒன்று.
யானையும் வந்து, முதல் வெடியும் பிழைக்கும் இரவு
இருபத்தைந்தில் ஒன்று, பெருக்கினால்.
போகம் முழுக்க மூன்று, மிஞ்சினால் நாலு.
கலண்டர் சொன்னது ஏழு.

இரண்டு நாள் மண்டை குழம்பிப் போனேன்.
கூட்டல் பிழையோ, பென்சில் பிழையோ.
ஏழு திகதிக்குப் பக்கத்திலும்
நானே கிறுக்கி வைத்த ஒரு சொல்:
மழை.
மழைக்கு யானை காட்டை விட்டு இறங்குகிறது,
மழைக்கு வெடித்திரி ஈரம் குடிக்கிறது.
ஆளை ஆள் தெரியாதவர்கள் என்று நம்பி
நான் பெருக்கின இருவரும்
ஒரே குடைக்குள் வந்திருக்கிறார்கள்.
அன்றைக்கே வெடிகளைப் பால்மா டின்னில் அடைத்து
அரிசி வாளிக்குள் தாட்டேன்.

இடையில் மூன்று கட்டம் வெறுமை.
மகனுக்குக் காய்ச்சல்,
மாஞ்சோலை ஆசுப்பத்திரியில் கிடந்தோம்.
திரும்பி வர, தடமெல்லாம் மழை கழுவியிருந்தது.
"பயிர் அழியேல்லைத்தானே, வரவில்லை எண்டு போடும்."
போடமாட்டேன்.
பார்க்காத இரவு வராத இரவு இல்லை.
வெற்றுக் கட்டத்துக்குள் பூச்சியம் எழுதின பட்டியல்களை
இந்த மாவட்டத்துக் கந்தோர்களில் நான் வாசித்திருக்கிறேன்.
அதில் ஒரு பூச்சியம் என் அண்ணன்.
கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்,
பேனையும் தந்தார்கள்.
அதனால்தான் தொண்ணூற்றிமூன்றை வகுக்காமல்
தொண்ணூறை வகுத்தேன்.

மாசிப் பறுவம்.
வெட்டு மெசின் நாளைக்கு வருவதாய்ச் சொல்லியிருந்தது.
கணக்கை நம்பிப் படுத்தோம்.
நாய் குரைக்கவில்லை, நானாய்த்தான் எழும்பினேன்.
வரம்பில் நின்றது,
பகல் மாதிரி வெளிச்சத்தில்.
பதினைந்தில் ஒன்று என்றால் இப்படித்தான் இருக்கும்,
இவ்வளவு பெரிதாக.
கதிரில் வாய் வைக்கவில்லை.
வரம்போடு நடந்து குளக்கட்டு ஏறி,
தண்ணீர் குடித்து,
வந்த வழியே போனது.

பென்சிலோடு நெடுநேரம் இருந்தேன்.
வந்ததா? வந்தது.
எங்களிடமா?
கடைசியில் நடுக்கோட்டின் மேலேயே
ஒரு புள்ளி வைத்தேன்.

விடிய யோகச்சந்திரன் பார்த்துவிட்டு
நகத்தால் சுரண்டினார்.
"என்ன இது, எறும்போ?"